எண்பது தொண்டை, ஒரு குரல்

மும்பை நரிமன் பாயிண்டில், என்.சி.பி.ஏ. கலை மையத்தில் உள்ள ஜம்ஷெத் பாபா தியேட்டரில் போய் உட்கார்ந்ததும் சித்தப்பா மேடையை ஒரு சுற்று நோட்டம் விட்டார். "ஏல, மைக்கு ஒண்ணையும் காணோம்?"

நியாயமான கேள்வி. தாராவியில் அவர் பாஸ் என்ற தாழ்ந்த ஆண் குரல் பாடுகிற தமிழ்க் கிறிஸ்தவ சபையில் இருபது பேர் பாட நான்கு மைக் உண்டு. சண்முகானந்தா ஹால் கச்சேரியிலும் மைக் உண்டு. இங்கே பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி. முன்னால் வாத்தியக் குழு, பின்னால் படிப்படியாக எண்பது பேர் பாடகர் குழு, நான்கு தனிப்பாடகர்கள். ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள அரங்கம் முழுவதற்கும் வெறும் தொண்டைதான்.

'எல்லா மனிதரும் சகோதரராவர்' என்று ஜெர்மன் கவிஞர் ஷில்லர் 1785-இல் எழுதிப் பின்னர் திருத்திய கவிதைக்கு மெட்டுப் போட்டு, 1824 மே 7 அன்று வியன்னாவில் இதை அரங்கேற்றினார் பீத்தோவன். அப்போது அவருக்குக் காது கேட்காது. ஜனங்கள் கைதட்டுவதை அவர் பார்க்கட்டும் என்று ஒரு பாடகி அவரைத் திருப்பி நிறுத்தினாராம். எல்லோரும் சொல்கிற கதை இது. எனக்கு மைக் சங்கதிதான் மண்டையைக் குடைந்தது.

சரி, எண்பது பேர் பாடினால் ஒருவர் பாடுவதைப் போல எண்பது மடங்கு சத்தமா? இல்லவே இல்லை. இரண்டு பேரின் ஒலி அலைகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துவதில்லை. ஒருவரின் மேடு இன்னொருவரின் பள்ளத்தில் விழுந்து கொஞ்சம் அழிகிறது, சில நேரம் மேட்டோடு மேடு சேர்ந்து உயர்கிறது. சராசரியாகப் பார்த்தால், ஆட்கள் இரட்டிப்பானால் ஒலி அளவு 3 டெசிபெல்தான் கூடும். எண்பது பேருக்கு 19 டெசிபெல். நம் காதோ 10 டெசிபெல் கூடினால்தான் 'இரண்டு மடங்கு சத்தம்' என்று ஒத்துக்கொள்ளும். கணக்குப் பார்த்தால், எண்பது பேர் சேர்ந்தும் ஒருவரைப் போல நான்கு மடங்குகூடத் தேறவில்லை. சத்தத்துக்காக ஆள் சேர்ப்பது நஷ்ட வியாபாரம்தான்.

அப்புறம் எதற்கு எண்பது பேர்? சத்தத்தின் தன்மையே மாறுகிறது, அதற்காக. ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 440 அதிர்வு) பக்கத்தில் நிற்பவர் 442 ஹெர்ட்ஸிலும் பாடினால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். தம்புரா சுருதி சேர்ப்பவர்கள் இந்த அதிர்வைக் கேட்டுத்தான் பிருடையைத் திருகுவார்கள். இரண்டு குரலில் இது உறுத்தும். எண்பது குரலில், ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து இம்மி விலகி, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் நடுங்கும்போது, ஆயிரக்கணக்கான ஏற்ற இறக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் காது கைவிட்டுவிடுகிறது. அந்தத் தோல்வியைத்தான் நாம் பட்டுப் போன்ற ஒரே குரலாகக் கேட்கிறோம். மாறாக, ஒரே பாடகரின் பதிவை எண்பது நகல் எடுத்துத் துல்லியமாக அடுக்கினால், அதே ஆள் இன்னும் சத்தமாகப் பாடுவதாகத்தான் இருக்கும். சபையில் உள்ள கீபோர்டின் 'கோரஸ்' பட்டனும் இதே வேலையைத்தான் செய்கிறது. நகலைச் சற்றே தாமதித்து, சுருதியை லேசாகப் பிசகவைக்கிறது.

செல்லோ, டபுள் பாஸ் என்ற தாழ்சுருதித் தந்தி வாத்தியங்கள் மட்டும் தாழ்ந்த குரலில் ஷில்லர் கவிதையின் மெட்டை எடுத்ததும் சித்தப்பா என் தொடையில் தட்டினார். "இது நம்ம பாட்டுல்லா!" ஆங்கில ஞானப்பாட்டுப் புத்தகத்தில் அதே மெட்டு இருக்கிறது.

தனிப்பாடகர்கள் விஷயம் வேறு. அத்தனை வயலின், டிரம்பட்டுக்கு நடுவே ஒற்றைக் குரல் எப்படிக் கடைசி வரிசைக்கு வருகிறது? ஸ்வீடன் விஞ்ஞானி யோஹான் சுந்த்பெரி 1970-களில் இதை அளந்து காட்டினார். வாத்தியக் குழுவின் ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவிகிறது. 3000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற பாடகர் குரல்வளையைக் கொஞ்சம் கீழிறக்கி, அதற்கு மேலே உள்ள தொண்டைப் பகுதியை அகலமாக்கி, சரியாக அந்தக் காலி இடத்தில் தன் குரலின் ஆற்றலைக் குவிக்கிறார். கூட்டமான லோக்கல் ரயிலில், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது சீட்டைக் கண்டுபிடிப்பது மாதிரி. நம் காதுக்குழாயும் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான் என்பதால் 3000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒத்ததிர்கிறது. ஆக, பாடகர் அனுப்புகிற இடமும் காது பெரிதாக்குகிற இடமும் ஏறக்குறைய ஒன்று.

உச்சத்தில் பாடும் பெண் குரலான சோப்ரானோவுக்கு இந்த வித்தை தேவைப்படாது. அவர் தாடையை நன்றாகத் திறந்து, வாயின் ஒத்ததிர்வையே பாடும் சுரத்தோடு சேர்த்துவிடுவார். அதற்கு விலையும் உண்டு. எந்த உயிரெழுத்தைப் பாடினாலும் கிட்டத்தட்ட 'ஆ' என்றே கேட்கும். ஜெர்மன் தெரியாத எங்களுக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை.

பாடகர் குழு மேடையின் பின்பக்கம் நிற்பதால் இன்னொரு தொல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். முன்வரிசை வயலினிலிருந்து 15 மீட்டர் கடக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். காதை நம்பிப் பாடினால் அரங்கத்தில் பின்தங்கிக் கேட்கும். ஆகவே அவர்கள் கண்ணைத்தான் நம்புகிறார்கள். இசை நடத்துநரின் கோல் வெளிச்ச வேகத்தில் தெரிகிறதே.

நிகழ்ச்சியில் என்னை அசத்தியது, சோப்ரானோக்கள் உச்ச 'ஏ' சுரத்தை, சுமார் 880 ஹெர்ட்ஸ், விடாமல் நீட்டிப் பிடித்த இடம். ஒரு மூச்சில் அவ்வளவு நேரம் முடியுமா?

சர்ச்கேட்டில் ஸ்லோ லோக்கல் ஏறியதும் சித்தப்பாவிடம் கேட்டேன். ரயில் இரைச்சலுக்கு மேலே அவர் குரலும் தானாக ஏறியது. 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் விவரித்த பழக்கம் இது.

"அது திருட்டு மூச்சுல. பக்கத்து ஆளு வாங்கும்போது நீ வாங்கப்பிடாது. பாட்டு வார்த்தை முடியுற எடத்துலயும் வாங்கப்பிடாது, நடுவுல வாங்கணும். வாங்கிட்டு மெதுவா உள்ள நுழையணும், கதவத் தட்டாம."

"அப்ப அந்த சுரத்தை யாருமே முழுசாப் பாடலையா?"

"ஒருத்தரும் பாடல" என்றார். மாஹிம் வந்துவிட்டது.