கிளஸ்டரில் சேரச் சொல்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

“கிளஸ்டர் வருதுங்க. மத்திய அரசு மானியம். ஆதார், பான், உத்யம் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

பல்லடம், சோமனூர், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுபவர்களும், கோவையில் நாலு லேத் போட்டு ஜாப் ஆர்டர் செய்பவர்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். (கிளஸ்டர் என்றால் ஒரே பகுதியில் ஒரே வகைத் தொழில் செய்பவர்களின் குழுமம். உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு.) திட்டத்தில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. அந்த ‘மிச்சம்’ என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெராக்ஸ் கொடுத்தவர், தான் ஒரு கம்பெனியில் டைரக்டர் என்பதையே நோட்டீஸ் வந்த பிறகுதான் அறிந்தார் என்பது போன்ற கதைகளை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

பின்னணி இரண்டே வரியில். மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும வளர்ச்சித் திட்டம் 2007 முதல் இந்தப் பெயரில் இருக்கிறது; 2022இல் விதிகளைத் திருத்தினார்கள். ஒரு தறிக்காரரோ லேத்காரரோ தனியாக வாங்க முடியாத இயந்திரத்தை (பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங், பாவு ஓட்டும் வார்ப்பிங், டிஜிட்டல் பிரிண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், சிஎம்எம் அளவீட்டுக் கருவி) ஒரே இடத்தில் நிறுவி, எல்லோரும் கூலி கொடுத்துப் பயன்படுத்த வேண்டும். அதற்குப் பெயர் பொது வசதி மையம். திட்டச் செலவு 5 முதல் 10 கோடி ரூபாய் என்றால் மத்திய அரசு 70 சதவீதம் வரை தரும். 10 முதல் 30 கோடி என்றால் 60 சதவீதம். 5 கோடிக்குள் அடங்கும் சின்ன வேலைக்கு மாநில அரசின் குறுங்குழுமத் திட்டத்தைக் கேளுங்கள். இரண்டுக்கும் முதல் வாசல் மாவட்டத் தொழில் மையம், அதாவது நம் டிஐசி.

மானியத்தில் ஒரு ரூபாய் கூட உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. உங்கள் பழைய தறியை மாற்றவோ சொந்த ஷெட்டுக்கு சிஎன்சி (கணினியில் இயங்கும் கடைசல் இயந்திரம்) வாங்கவோ இதில் வழியில்லை. “ஆளுக்கு இவ்வளவு லட்சம் வரும்” என்று யாராவது சொன்னால் ஜெராக்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மானியம், நீங்கள் சேர்ந்து தொடங்கும் ஒரு தனி நிறுவனத்தின் பெயரில் வாங்கும் இயந்திரத்துக்கு. அந்த நிறுவனத்தைத்தான் எல்லோரும் எஸ்பிவி என்கிறார்கள்.

உங்கள் பெயர் ஏன் தேவைப்படுகிறது

எஸ்பிவியில் குறைந்தது 20 தொழில்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கோடு தொடங்குங்கள். ஒரே தொழில் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய கை ஒன்று மையத்தை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. நடைமுறையில் பெரிய கைக்கு உங்கள் பெயர் தேவைப்படுவதே இந்த விதியால்தான். பணம் அவருடையது, பங்கு மட்டும் உங்கள் பெயரில். கூடவே பங்கு மாற்றப் படிவமான எஸ்எச் 4இல் தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு லேத் உரிமையாளர் அந்தத் தாளை எனக்குக் காட்டினார். அவர் கையெழுத்தும் அவர் கடை சீலும் மட்டும் இருந்தன, மற்ற கட்டமெல்லாம் காலி. இயந்திரம் வந்து இறங்கி ஒரு வருடம் கழித்து அவர் உறுப்பினரே இல்லை என்றார்கள். அதுவரை கேட்ட நேரமெல்லாம் கூட்டத்துக்குப் போய் நாற்காலியை நிரப்பியவர் அவர்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பங்குத் தொகையை உங்கள் தொழில் கணக்கிலிருந்து, உங்கள் காசோலையில், எஸ்பிவி கணக்குக்கே போடுங்கள். ரொக்கமாகக் கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

எவ்வளவு போட வேண்டிவரும்? 8 கோடித் திட்டம் என்று வையுங்கள். 70 சதவீதம் கிடைத்தால் 5 கோடியே 60 லட்சம். மீதி 2 கோடியே 40 லட்சம். மாநில அரசு பங்கு தந்தால் இது குறையும். தராவிட்டால் 20 பேருக்குத் தலைக்கு 12 லட்சம், கையிலிருந்தோ வங்கிக் கடனாகவோ. கடன் என்றால் யார் ஜாமீன் என்பதை அன்றே கேட்டுவிடுங்கள். “டைரக்டர்கள் எல்லோரும்” என்று பதில் வந்தால், மையம் படுத்துவிட்டால் உங்கள் வீட்டுப் பத்திரமும் அதில் ஒன்று. விலை ஏறிப் போனால் கூடுதல் செலவை மத்திய அரசு தராது. ஓட்டும் செலவையும் தராது. இரண்டும் விதியிலேயே இருக்கின்றன. கூட்டத்தில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

டைரக்டர் பதவி மரியாதைக்காகத் தரப்படும் பொன்னாடை என்று நினைக்காதீர்கள். கம்பெனியாகப் பதிவு செய்த எஸ்பிவி வருடா வருடம் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்ச வரம்பு கிடையாது. தொடர்ந்து 3 நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்கள் 5 வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். திட்டம் டெல்லியில் தூங்கிக்கொண்டிருக்கும் காலத்திலும் இந்த மீட்டர் ஓடும்.

உத்யம் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்

தகுதி இழப்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். சொந்தத் தறியில் வேட்டி நெய்கிறவரின் சான்றிதழில் ‘சில்லறை வணிகம்’ என்று இருக்கும். பிரவுசிங் சென்டரில் பதிந்தபோது அந்தப் பையனுக்கு முதலில் கிடைத்த குறியீட்டைப் போட்டிருப்பான். 2021 ஜூலை முதல் வியாபாரிகளும் உத்யம் பதியலாம்தான். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வங்கியின் முன்னுரிமைக் கடன் என்ற சலுகை மட்டும். குழுமத் திட்டத்தில் அந்தச் சான்றிதழ் செல்லாது.

நெசவு என்றால் தொழில் குறியீடு 1312 என்று தொடங்க வேண்டும். துணி முடிப்பு வேலைகளுக்கு 1313, பின்னலாடைத் துணிக்கு 1391. ஜவுளி இயந்திரமும் அதன் உதிரி பாகமும் செய்பவருக்கு 2826, லேத்தில் கூலிக்குக் கடைசல் வேலை செய்பவருக்கு 2592. தப்பாக இருந்தால் அதே தளத்தில் திருத்தலாம். பதிவும் இலவசம், திருத்தமும் இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

அதோடு முகவரியையும் பாருங்கள். ஷெட் ஓர் ஊரில், உத்யம் முகவரி மாமனார் வீட்டு ஊரில் என்று இருந்தால் குழுமத்துக்குள் நீங்கள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். வாடகை ஷெட் என்றால் ஒப்பந்தத்தைத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். மின் இணைப்பு உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். உங்கள் தொழில் அங்கே நடக்கிறது என்பதற்கு அந்த ஒப்பந்தம்தான் சாட்சி.

அளவு வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் உயர்ந்துவிட்டது. இப்போது குறுந்தொழில் என்றால் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடிக்குள். சிறுதொழில் என்றால் 25 கோடி, 100 கோடிக்குள். பழைய வரம்பைக் காட்டி உங்களைத் தட்டிக்கழிக்கும் எழுத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். சண்டை வேண்டாம், புதிய உத்யம் சான்றிதழை எடுத்து நீட்டுங்கள், அதிலேயே வகை அச்சாகியிருக்கும்.

கோப்பு எங்கே?

டிஐசியில் கேட்டால் “சென்னைக்கு அனுப்பியாச்சு.” சென்னையில் கேட்டால் “மத்திய அரசு ஆபீஸ் குறிப்பு கேட்டிருக்கு.” அங்கே கேட்டால் “உங்க ஆளுதான் இன்னும் பதில் போடலை.” யார் அந்த ஆள்? நீங்கள் வைத்த கன்சல்டன்ட்.

விண்ணப்பம் இணையத்தில் போகிறது. பதியும்போது கன்சல்டன்ட் தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். அதன்பின் டெல்லி கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவர் பெட்டிக்குள் போய் விழும். அவருக்கு அடுத்த தவணை தராவிட்டால் அங்கேயே கிடக்கும். எனவே எஸ்பிவிக்கென்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல். கடவுச்சொல் குறைந்தது இரண்டு உறுப்பினர்களிடம் இருக்கட்டும். அவரை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) எழுத ஆள் தேவைதான். ஆனால் கட்டணத்தை வேலைப்படி பிரித்துக் கொடுங்கள், டிபிஆரின் மூலக் கோப்பை வாங்கி வையுங்கள். வேறு ஊர் டிபிஆரில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தருபவர்கள் உண்டு. நெசவுக் குழும அறிக்கையின் நடுப்பக்கத்தில் ‘வார்ப்படத் தொழிலாளர்கள்’ என்று ஒரு பத்தி வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

வாய்ப் பதிலை நம்பி அலையாதீர்கள். போன தேதி, பார்த்த அதிகாரியின் பதவி, சொன்ன பதில் இவற்றை அன்றே எஸ்பிவி மின்னஞ்சலில் அந்த அலுவலகத்துக்கே அனுப்பிவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். “ஏன் தாமதம்” என்று கேட்காதீர்கள், அதற்கு நழுவலாகத்தான் பதில் வரும். “எங்கள் விண்ணப்பக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும், இன்றைய தேதியில் கோப்பு எந்தப் பதவியில் உள்ளவரிடம், எந்த நாள் முதல் இருக்கிறது” என்று கேளுங்கள். கோப்பு பல நேரம் பதிலுக்கு முன்பே நகர்ந்துவிடும்.

‘கொள்கை அளவிலான ஒப்புதல்’ என்று ஒரு கடிதம் வரும். அதை வைத்து இனிப்பு கொடுக்கலாம், இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இறுதி ஒப்புதல் தனி. கொள்முதல், குழு வைத்து, டெண்டர் போட்டு நடக்க வேண்டும். நீங்களாக அவசரப்பட்டு வாங்கியது கணக்கில் ஏறாது. கண்காட்சியில் பார்த்த இயந்திரம் “இந்த மாதம்தான் இந்த விலை” என்று விற்பனையாளர் சொல்வது அவர் தொழில்.

நிலத்தில்தான் பல திட்டங்கள் இடறுகின்றன. நிலத்துக்கான சுமை எஸ்பிவியின் தலையில். பட்டா தாத்தா பெயரில், வகைப்பாடு விவசாயம், நில உபயோக மாற்றம் ‘நடந்துட்டிருக்கு’. இப்படியே டிபிஆரை அனுப்பினால் அது திரும்பி வரும். ஓர் உறுப்பினரே தன் நிலத்தைக் குத்தகைக்குத் தருகிறார் என்றால் நன்றி சொல்லிவிட்டு, நீண்ட காலக் குத்தகையைப் பதிவு செய்து வாங்குங்கள். பதிவில்லாத குத்தகையில் கேட் சாவி அவரிடம்தான் இருக்கும். சாயம், சைசிங் பாய்லர் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தவறினால், அதோடு குழாய் இணைத்த ஒவ்வொரு பட்டறைக்கும் பூட்டு. தன் பட்டறையை ஒழுங்காக நடத்தியவர் என்று யாரையும் தனியாக விடவில்லை.

மின் கட்டணத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்பது தறிக்கு. பொது வசதி மையத்துக்கு அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டு டிபிஆர் எழுதினால் முதல் பில்லிலேயே கதை முடியும். உயர் அழுத்த இணைப்பு என்றால் இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கேட்புக் கட்டணம் (கேட்டு வாங்கிய மின் திறனுக்கான கட்டணம்) உண்டு.

இயந்திரம் வந்த பிறகு

அதிகாரிகள் ரிப்பன் வெட்டிவிட்டுப் போன பிறகுதான் நிர்வாகம் என்ற வேலையே தொடங்குகிறது. மானியத்தில் இயந்திரம் வரும். ஆபரேட்டர் சம்பளம் வராது, நடைமுறை மூலதனமும் முழுதாக வராது. பல இடங்களில் விழுந்தது இதில்தான். சைசிங் மையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவருடைய பீம் (பாவு சுற்றிய உருளை) எப்போதும் முதலில் ஏறும். எட்டுத் தறிக்காரரின் பாவு மூன்று நாள் காத்துக் கிடக்கும். அவர் தறி நிற்கும், ஆள் வேறு ஷெட்டுக்குப் போய்விடுவான். அடுத்த முறை அவர் பழைய சைசிங்காரரிடமே போவார். இப்படி ஒவ்வொருவராகக் கழன்றால் கடைசியில் மானிய இயந்திரம் தலைவரின் சொந்த இயந்திரமாகிவிடும், அவர் எதையும் திருடாமலேயே.

இதைத் தடுக்க வேண்டிய இடம், எஸ்பிவி பதிவின்போது எழுதும் துணை விதிகள். வேலை எடுக்கும் வரிசை, வரிசையை மீறினால் என்ன, உறுப்பினருக்கும் வெளியாருக்கும் கூலி எவ்வளவு, எத்தனை நாள் கடன், கடனைத் தாண்டினால் வேலை நிறுத்தமா, பழுது நிதிக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது. இதெல்லாம் தாளில் வரட்டும். மேலாளர் சம்பளத்துக்கு வெளியாளாக இருக்கட்டும். தலைவரின் மச்சான் வேண்டாம். பதிவுப் பலகையை வாசலில் மாட்டுங்கள், யார் பாவு எந்த நேரம் ஏறியது என்று எல்லோரும் பார்க்கட்டும். உறுப்பினர் அல்லாத, குழுமத்திலுள்ள பிற தொழில்களும் மையத்தைப் பயன்படுத்த விட வேண்டும் என்பது விதி. அதை உபகாரமாகச் சொல்லிக்கொள்பவர்களிடம் ஞாபகப்படுத்துங்கள்.

ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பங்குதாரர் என்ற முறையில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே தணிக்கை செய்த கணக்கு உங்களுக்கு வந்தாக வேண்டும். உறுப்பினர் பதிவேட்டைப் பார்க்கவும் நகல் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் அந்த ரசீதோடு கம்பெனிப் பதிவாளரிடமும், நகலோடு டிஐசி பொது மேலாளரிடமும் போங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை, ஒரு வெள்ளைத்தாள் போதும்.

இன்னொன்று, இந்த வரிசையில் வராவிட்டாலும். சாதாரணத் தறியைத் தரம் உயர்த்தத் தந்த பவர்டெக்ஸ் மானியம் 2021 மார்ச்சோடு முடிந்துவிட்டது. திருத்தப்பட்ட தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் 2022 மார்ச்சோடு. இந்தப் பெயர்களைச் சொல்லி ஷெட்டு ஷெட்டாக ‘ஃபைல் சார்ஜ்’ வாங்குகிறவர்கள் இன்னும் சுற்றுகிறார்கள். அவர்களிடம் அரசாணை எண்ணையும் தேதியையும் கேளுங்கள்.