பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் ஏன் மினுங்குகிறது?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் பக்கம் இரவில் போகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. முன்னால் போகும் டிராக்டர் டிரெய்லரின் பின்விளக்கு சிவப்பாக நன்றாகத்தான் எரியும். டிரைவர் பிரேக்கில் கால் வைத்ததும் வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாக அது கிட்டத்தட்ட அணைந்துபோகும். கூடவே இரண்டு பக்க இண்டிகேட்டரும் மங்கலாக மினுங்கும். பார்க்கிறவர்கள் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் எதுவும் மாறியிருக்காது. ஒரே ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். அது எர்த் ஒயர்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பினால் மட்டும் போதாது, திரும்பிப் பேட்டரிக்கு வந்து சேரவும் வேண்டும். வீட்டில் அதற்கென்று தனி ஒயர் இருக்கிறது. வண்டியில் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். பேட்டரியின் மைனஸ் முனையைச் சேசிஸில் பூட்டிவிட்டால் வண்டியின் இரும்பு உடம்பு முழுவதுமே திரும்பும் வழி ஆகிவிடுகிறது. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். ஒவ்வொரு விளக்குக்கும் பிளஸ் ஒயர் ஒன்று போனால் போதும்.

டிரெய்லர் தனி உடம்பு. டிராக்டரோடு அதற்கு இருக்கும் இரும்புத் தொடர்பு இழுவைக் கொக்கியும் அதில் செருகும் பின்னும்தான். அதுவே எர்த்துக்குப் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சுமை ஏறி இறுகி நிற்கும்போது வேலையும் செய்யும். ஆனால் அந்த இடத்தில் கிரீஸ், துரு, பெயின்ட் எல்லாம் இருக்கிறது. பள்ளத்தில் ஒருமுறை குலுங்கினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அதனால்தான் டிராக்டரின் விளக்கு ஒயர்களை டிரெய்லரோடு இணைக்கும் ஏழு பின் பிளக்கில் ஒரு பின்னை எர்த்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

12 வோல்ட் வண்டிகளின் இந்தப் பிளக்குக்கான ஐ.எஸ்.ஓ. 1724 என்ற சர்வதேசத் தரத்தின்படி 1-ஆம் பின் இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர். 2 பனி விளக்கு, நீலம். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது பின்விளக்கு, பழுப்பு. 6 பிரேக், சிவப்பு. 7 இடது பின்விளக்கு, கருப்பு. ஆனால் பட்டறையில் கைக்குக் கிடைத்த நிறத்தைப் போட்டு வேலையை முடித்திருப்பார்கள். நிறத்தை நம்ப வேண்டாம், பிளக்குக்குள் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்.

இப்போது 3-ஆம் பின் விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். அடைபட்ட வாய்க்காலின் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்வதுபோல மின்சாரம் வேறு வழி தேடும். பின்விளக்கைப் போட்டால், மின்சாரம் அந்த 5 வாட் பல்பின் இழை வழியாக டிரெய்லரின் உடம்புக்கு வருகிறது. அங்கிருந்து திரும்ப ஒயர் இல்லை. ஆனால் பிரேக் பல்பும் அதே உடம்பில்தான் பூட்டியிருக்கிறது. அதன் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பிரேக் ஒயர் வழியே டிராக்டருக்குப் போய், அங்கிருக்கும் பிரேக் பல்பைத் தாண்டி டிராக்டரின் உடம்பைப் பிடித்துவிடும். பிரேக் பல்பு 21 வாட். அதன் இழை தடிமன், அதுவும் குளிர்ந்திருக்கும்போது தடை பல மடங்கு குறைவு. 5 வாட் பல்புக்கு அது வெறும் ஒயர் மாதிரிதான். அதனால் எர்த்தே இல்லாமல் பின்விளக்கு ஜம்மென்று எரிகிறது!

பிரேக்கை மிதித்ததும் கதை மாறுகிறது. இதுவரை திரும்பும் வழியாக இருந்த பிரேக் ஒயரிலும் இப்போது 12 வோல்ட் வந்துவிட்டது. பின்விளக்கின் மின்சாரத்துக்கு அந்த வழி அடைபட்டது. மிச்சம் இருப்பது இண்டிகேட்டர் ஒயர்கள்தான். எல்லா மின்சாரமும் டிரெய்லரின் இண்டிகேட்டர் இழைகளைக் கடந்து, டிராக்டரின் இண்டிகேட்டர்கள் வழியாக வீடு திரும்பப் பார்க்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை பல்புகள் 12 வோல்ட்டைப் பங்குபோட்டால் எதற்கும் முழுசாகக் கிடைக்காது. பிரேக் விளக்கு மங்கும், இண்டிகேட்டர் மினுங்கும், பின்விளக்கு படுத்துவிடும்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. பகலில் பட்டறை வாசலில் நிறுத்தி ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தால் எல்லாமே எரியும். கொஞ்சம் மங்கல் என்றாலும் வெயிலில் யாருக்குத் தெரியப்போகிறது? அதனால் பின்விளக்கு, பிரேக், ஒரு பக்க இண்டிகேட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊர்களில் எர்த் சீக்கிரம் கெடுவதற்கு உப்புக்காற்றுதான் காரணம். உப்பு படிந்த இடத்தில் ஈரம் தங்கும், இரண்டு வேறு உலோகங்கள் தொடுகிற இடத்தில் அரிப்பு வேகமாக நடக்கும். துறைமுகத்துப் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளின் சாக்கெட்டைத் திறந்தால் பித்தளைப் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். எர்த் ஒயரைச் சேசிஸில் பூட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வேசலின் பூசுங்கள். பூசிவிட்டு முறுக்குகிறவர்களும் உண்டு. நான் பூட்டிய பிறகு பூசுவதையே விரும்புகிறேன்.

ஒயர் தடிமனிலும் கஞ்சத்தனம் கூடாது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 10 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.17 ஓம் தடை. இரண்டு பிரேக் பல்பும் சேர்ந்து 3.5 ஆம்பியர் இழுத்தால் போகும் வழியில் மட்டும் 0.6 வோல்ட் நஷ்டம். எர்த் ஒயரில் எல்லா விளக்குகளின் மின்சாரமும் சேர்ந்து வருவதால் அங்கே நஷ்டம் இன்னும் கூடும். இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம்வரை குறைந்துவிடும். எர்த்துக்கு மட்டுமாவது 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள்.

இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் கருவிதான் ஃபிளாஷர். அது பழைய வெப்ப ஃபிளாஷராக இருந்தால், டிரெய்லரை மாட்டியதும் இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரியும் வேகம் மாறும்; எலக்ட்ரானிக் ஃபிளாஷரில் அந்தத் தொல்லை இல்லை. புதிய கார், ஜீப்களில் பின்விளக்கு ஒயரை அறுத்து அப்படியே டிரெய்லருக்கு ஒயர் எடுக்காதீர்கள். அவற்றின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கூடுதல் பல்பு சேர்ந்தால் கோளாறு என்று எண்ணி அந்த விளக்கையே நிறுத்திவிடக்கூடும். காரின் ஒயரிலிருந்து சைகையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஃபியூஸ் போட்டுப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கிற ரிலே பெட்டி கடையில் கிடைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு கரும்பை ஏற்றிவிட்டு ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள். தோகை தொங்கி விளக்கை மறைத்திருந்தால் ஒயரிங் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பின்விளக்குகள் பூட்டிய பட்டையைக் கழற்றிச் சுமையின் கடைசிவரை இழுத்துக் கட்டும்படி ஒயரில் ஒரு கஜமாவது கூடுதலாக விட்டிருக்க வேண்டும்.