மலைக்கோட்டை தனித்து நிற்பது எப்படி?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கிணறு தோண்டினால் மணலும் களியும் மாறி மாறி வருமே தவிர, கல் தட்டுப்படாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வேண்டிய கருங்கல்லைக்கூட வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். அத்தகைய சமவெளியின் தலைவாசலான திருச்சிராப்பள்ளியில், ஏறத்தாழ 83 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை நிற்கிறது. பூமி அதை மேலே தள்ளியது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தாழ்ந்தது சுற்றியிருந்த நிலமே.

நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவான படிகப்பாறை இது. மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துச் செல்லப்பட்டதும், பாரம் குறைந்த அடிப்பாறை விரிந்து வெடிப்பு விட்டது. வெடிப்புகள் நெருக்கமாக இருந்த இடங்களில் மழைநீர் இறங்கி, ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக்கியது. குவார்ட்ஸ் மட்டும் மாறாமல் மணலாக உதிர்ந்தது. வெடிப்பு அரிதாக இருந்த பகுதிக்குள் நீர் புக வழியில்லாததால் அது நிலைத்தது. அதன் மேல் பெய்த மழை உடனே வழிந்து அடிவாரத்து மண்ணில் ஊறி, அங்குள்ள பாறையை இன்னும் விரைவாக மக்கச் செய்தது. இவ்வாறு, சற்றே உயர்ந்து தெரிந்த பாறை காலப்போக்கில் மேலும் ஓங்கியது. பொன்மலையும் திருவெறும்பூர்க் குன்றும் இதைப் போன்று எஞ்சியவையே.

மேற்கே மலைகளில் இப்படி மக்கியதைத்தான் காவிரி சுமந்துவந்து, முக்கொம்பில் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிந்தபின், சரிவு குறைந்த நிலத்தில் இறக்கி வைத்தது. நாற்று நடுகிறவர்களின் காலில் ஒட்டும் களியும் ஒரு காலத்தில் பாறையாக இருந்ததுதான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

வெடிப்பற்ற இந்த உறுதியே சிற்பிகளுக்கும் கைகொடுத்தது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே ஒரு குடைவரையைக் குடைவித்து, கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனை அதில் செதுக்குவித்தான். ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று அஞ்சிய மலைமகள், தந்தையின் வீட்டை விட்டு இம்மலைக்கு வந்து தங்கி, காவிரி பல்லவனின் அன்புக்குரியவள் என்று உரைப்பதாக அக்குடைவரையின் கல்வெட்டு பாடுகிறது. ஆற்றையும் மலையையும் இவ்வளவு அழகாக இணைத்த வேறு கல்வெட்டை நான் அறியேன்.

பாறையை நாடுவது சிற்பிகள் மட்டுமல்ல, பறவைகளும்தான். பாறைத் தொங்கல்களிலும் பழைய மண்டபங்களிலும் கூடு கட்டும் நாட்டு உழவாரன், கிளையில் அமர இயலாத பறவை. அதன் குறுங்கால்கள் செங்குத்துப் பரப்பைப் பற்றுவதற்கே ஏற்றவை. காற்றில் மிதக்கும் இறகுகளையும் வைக்கோல் துணுக்குகளையும் பறந்தபடியே பிடித்து, எச்சிலால் ஒட்டிக் கூடாக்குகிறது. உணவாகும் பூச்சிகளையும் அது பறந்துகொண்டேதான் பிடிக்கிறது.