கடல்ல எண்ணெய் தேடுறதுக்குக் கருத்துக்கேட்பு உண்டா? மனு எழுதுறதுக்கு முன்ன இத வாசிங்க

"கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பாங்கல்லா, அன்னைக்கு வந்து பேசிக்கிடுவோம்"னு உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் இன்னும் நெறய அண்ணாச்சிமாரு நம்பிட்டு இருக்காவ. அந்தக் கூட்டமே வராது. 2006 ஈஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கைய 2020 ஜனவரி 16-ல திருத்தி, எண்ணெய், கேஸ் இருக்கான்னு 'தேடுற' வேலைய பி2 பிரிவுக்கு மாத்திட்டாங்க. பி2ன்னா ஈஐஏ அறிக்கையும் வேண்டாம், ஊர்க்காரங்கள்ட்ட கேக்கவும் வேண்டாம். 'எடுக்குற' கட்டம்தான் ஏ பிரிவு, அதுக்குத்தான் அறிக்கையும் கூட்டமும், ஆனா கெணறு போட்டு கேஸ் இருக்குன்னு ஆன பெறவு நாம என்ன சொல்லி யாரு கேக்கப்போறா? 2025-ல ராமநாதபுரம் பக்கம் 20 சோதனைக் கெணறுக்கு இப்படித்தான் கூட்டமே இல்லாம அனுமதி வந்துச்சு.

நம்ம பக்கம் பயம் கன்னியாகுமரிக்குத் தெக்க இருக்க வாட்ஜ் பேங்க்ங்கற மீன் நெறஞ்ச கடல் மேடு. கச்சத்தீவு 1974-ல இலங்கைக்குப் போச்சு, 1976-ல வாட்ஜ் பேங்க் நமக்குன்னு ரெண்டு நாடும் கடிதம் எழுதிக்கிட்டாங்க, இலங்கைப் படகு மூணு வருசம் மீன் பிடிச்சிக்கிடலாம், அதுக்குள்ள இந்தியா அங்க எண்ணெய் தேடுனா அந்த எடத்துல மீன்பிடிய நிப்பாட்டணும்னு அந்தக் கடிதத்துலயே இருக்கு. எண்ணெய்க் கணக்கு அப்பவே இருந்திருக்கு.

டெல்டாவுக்குச் சட்டம் போட்டாச்சே, நமக்கும் உண்டும்லாங்காவ சிலபேரு. கிடையாது. 2020-ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம்னு அந்தப் பக்கத்து நிலத்துக்கு. நம்ம மாவட்டமே அதுல இல்ல, அத நம்பி மனுல எழுதுனா அதவெச்சே தள்ளிருவாங்க.

ஒரு பெரியவருக்கு நான் மனு எழுதிக் குடுத்தேன். ஒரு நாள் தொழில விட்டுட்டு பஸ் ஏறிப் போயி திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுத்து ரசீதும் வாங்குனாரு. மூணு மாசம் கழிச்சு "மத்திய அரசு தொடர்புடையது"ன்னு ஒத்த வரியில முடிச்சிட்டாங்க. எண்ணெய் தேட கடல்ல எடம் (பிளாக்) பிரிச்சுக் குடுக்குறது டெல்லிதான், ஆனா பி2 அனுமதி பொதுவா சென்னையில இருக்க மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குத்தான் வரும். அதனால மொதல்ல சுற்றுச்சூழல் அனுமதிக்குன்னு மத்திய அரசு வெச்சிருக்க பரிவேஷ் இணையதளத்துல விண்ணப்பம் யாருகிட்ட நிக்குன்னு பாத்துட்டு, அந்த முகவரிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க.

தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டிக் கேட்டா 30 நாள்ல பதில் வரணும். "எங்க ஆபீஸ் இல்ல"ன்னு திருப்பிக் குடுத்தா வாங்கிட்டு வராதீங்க. பிரிவு 6(3)படி அவங்களே 5 நாளுக்குள்ள சரியான ஆபீசுக்கு மாத்தி அனுப்பணும், அந்தப் பிரிவ மனுலயே எழுதிருங்க.

அனுமதி வந்துட்டா பசுமைத் தீர்ப்பாயத்துல மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தக்க காரணம் இருந்தா இன்னும் 60 நாள். 90 தாண்டுனா கதவு சாத்தியாச்சு. கம்பெனி பேப்பர்ல விளம்பரம் குடுத்தாகணும், அந்தப் பேப்பர தேதியோட எடுத்து வைங்க.

நாளைக்கு எடுக்குற கட்டத்துக்குக் கூட்டம்னு ஒண்ணு வெச்சா, புறக்கணிச்சிட்டு வெளிய நிக்காதீங்க. இத்தன பேரு வந்தாத்தான் செல்லும்னு கணக்கே கிடையாது, நீங்க போகலன்னாலும் கூட்டம் நடந்ததாத்தான் எழுதுவாங்க. உள்ள போயிப் பேசுங்க, எழுத்துலயும் குடுங்க, கடைசியில பேசுனத தமிழ்ல வாசிக்கணும்னு விதி இருக்கு, அத வாசிச்சு உங்க பேச்சு அதுல இருக்கான்னு பாக்காம எந்திரிக்காதீங்க.