கார் ஏசிக்குள் ஒரு சின்ன வால்வு

'ஏசி போட்டால் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுகிறது, கேஸ் ஒழுகுகிறதா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அது வெறும் தண்ணீர். காருக்குள் இருக்கும் காற்றின் ஈரம்தான் குளிர்ந்து அப்படி வடிகிறது. கேஸ் ஒழுகினால் சொட்டவே சொட்டாது. கார் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளியே வந்ததுமே ஆவியாகிப் போய்விடும். கசிந்த இடத்தில் மிஞ்சுவது, அதோடு சேர்ந்து சுற்றும் கம்ப்ரஸர் ஆயிலின் பிசுக்கு மட்டும்தான்.

ஏசியின் சூட்சுமமே இந்தக் கொதிப்பில்தான் இருக்கிறது. எந்தத் திரவமும் ஆவியாகும்போது பக்கத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். கையில் சானிடைசர் தடவினால் ஜில்லென்று இருப்பது அதனால்தான். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பது பள்ளிப் பாடம். இந்த இரண்டும் போதும்.

எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர், ஆவியை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்ஸரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. நல்ல வெயிலில் அங்கே 60 டிகிரி வரை போகும். அழுத்தமும் காற்றழுத்தத்தைப் போல 16 மடங்குக்கு மேல் இருக்கும். வழியில் ஒரு வடிகட்டி ஈரத்தை எடுத்துவிடும். அப்புறம் வருகிறது எக்ஸ்பான்ஷன் வால்வு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியக் கட்டை அது. உள்ளே ஊசிமுனை போன்ற ஒரு சின்ன வழி. அதைத் தாண்டியதும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல வெறும் மூன்று மடங்காகச் சரிகிறது. அந்த அழுத்தத்தில் இதன் கொதிநிலை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி. சூடாக வந்த திரவம் அங்கே திரவமாகவே நீடிக்க முடியாது. சுமார் மூன்றில் ஒரு பங்கு அக்கணமே கொதிக்கிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை மிச்சத் திரவத்திடமிருந்தே எடுத்துக்கொள்வதால் மொத்தமும் சில்லிட்டுப்போகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் மீதித் திரவமும் கொதிக்க, ப்ளோயர் தள்ளும் காற்று அதன் தகடுகளில் பட்டுக் குளிர்ந்து நம் முகத்துக்கு வருகிறது.

எவ்வளவு திரவம் விடுவது? குறைவாக விட்டால் எவாப்பரேட்டரின் பாதி சும்மா கிடக்கும். கூடுதலாக விட்டால் கொதிக்காத திரவம் கம்ப்ரஸருக்குப் போகும். திரவம் அமுங்காது; கம்ப்ரஸர்தான் உடையும். இந்தக் கணக்கைப் போட அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, மின்சாரமும் கிடையாது. வால்வின் தலையில் ஒரு மெல்லிய உலோகச் சவ்வு. அதன் மேல் அடைத்து வைத்த கொஞ்சம் கேஸ். எவாப்பரேட்டரிலிருந்து திரும்பும் ஆவி இதே கட்டைக்குள் புகுந்துதான் போகும். அந்த ஆவி சற்றுச் சூடாக இருந்தால் திரவம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே மேலே அடைத்த கேஸ் சூடேறிச் சவ்வைக் கீழே தள்ளும், வழி அகலும். ஆவி குளிர்ந்து வந்தால், கீழிருந்து ஒரு ஸ்பிரிங்கும் எவாப்பரேட்டரின் அழுத்தமும் சவ்வை மேலே தள்ளும், வழி குறுகும். திரும்பும் ஆவி எப்போதும் கொதிநிலையைவிடச் சில டிகிரி மட்டும் சூடாக இருக்கும்படி அந்த ஸ்பிரிங்கின் விறைப்பை முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். மூன்று தள்ளல்களின் பஞ்சாயத்து, அவ்வளவுதான்!

எவாப்பரேட்டர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் சொட்ட வேண்டிய தண்ணீர் அங்கேயே உறைந்து காற்றை அடைக்கும். அதற்கு முன்பே ஒரு வெப்ப உணரி கம்ப்ரஸரை நிறுத்திவிடும், அல்லது அதன் வேலையை மட்டுப்படுத்தும். சொட்டுவது நின்று உள்ளே கால்மிதி நனைந்தால்தான் கவலைப்பட வேண்டும், வடிகுழாய் அடைத்திருக்கிறது.

இன்னொன்று. 'வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்' என்பது கிட்டத்தட்ட ஒரு மதநம்பிக்கை ஆகிவிட்டது. பெட்ரோல்போல் எரிந்து தீர்கிற பொருளா அது? மூடிய சுற்றில் அதே கேஸ்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஆண்டுதோறும் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை; அதைத் தேடாமல் நிரப்புவது வீண்செலவு. கேஸோடு ஆயிலும் குறைந்து கடைசியில் கம்ப்ரஸர் இறுகிப்போகும். வெளியே போன ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் ஒரு டன்னுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலையைச் செய்யும். இதற்கு முன்பிருந்த ஆர்-12 ஓசோனையே அரித்தது. அந்த ஆபத்தை 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் சொன்னார்கள்; 1987-இல் அத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. உடனடி லாபம் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான். இப்போது வரும் ஆர்-1234ஒய்எஃப் சில நாட்களிலேயே காற்றில் சிதைந்துவிடும்.

எலக்ட்ரிக் கார்கள் பலவற்றில் கம்ப்ரஸரைத் தனி மோட்டார் ஓட்டுகிறது; பேட்டரியையும் அதே சுற்றுதான் குளிர்விக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வையும் ஒரு குட்டி மோட்டார் படிப்படியாகத் திறக்கிறது, அதற்கு உத்தரவு போடுவது மென்பொருள். துல்லியம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு அந்தச் சவ்வுக்கே.