சொல் விளக்கம்: ரிலே

பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கற்க வருபவர் முதல் வாரத்திலேயே இடறுகிற சொல் இது. மின்கட்டுப்பாட்டுப் பேனலைத் திறந்தால், ஒரு மின்சுற்றைக் கொண்டு இன்னொன்றை இணைக்கும், துண்டிக்கும் சுவிட்சான ரிலே கண்ணுக்குத் தெரிகிறது, ‘டக்’ என்று சத்தமும் போடுகிறது. நிரலுக்குள்ளும் ரிலே உண்டு என்கிறார்கள். அதைத் தேடினால் கிடைக்காது.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில், அதுவும் வேட்டைக்காட்டில் இருக்கிறது. ஓடிக் களைத்த நாய்களுக்குப் பதிலாக அவிழ்த்துவிட, வழியில் நிறுத்திவைத்த புது நாய்க்கூட்டம்தான் ‘ரிலே’. பின்னர் அது தபால் குதிரைகளுக்கு ஆகிவந்தது, அங்கிருந்து தந்திக்குத் தாவியது. நெடுந்தூரக் கம்பியில் வலுவிழந்து வரும் மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை மட்டும் இயக்கும். அது இழுக்கும் தகடு அடுத்த கம்பியில் புது பேட்டரியைச் சேர்த்துவிடும். களைத்த குதிரை போய்ப் புதுக் குதிரை வந்த கதைதான்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் ‘அஞ்சல்’. அஞ்சல் ஓட்டம் என்கிறோம். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொன்று எடுத்து ஒலிபரப்பினால் அஞ்சல் செய்கிறது என்கிறோம். ‘உணர்த்தி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை: சென்சாருக்கு ‘உணரி’ இருக்கும்போது, பக்கத்திலேயே ‘உணர்த்தி’யும் நின்றால் வரைபடம் படிப்பவர் குழம்புவார். ‘மின்னஞ்சல்’ ஏற்கெனவே போய்விட்டது. ‘அஞ்சலி’ எரிந்துபோன ரிலேவுக்கு மட்டுமே பொருந்தும்! ‘அஞ்சல் விசை’ என்பது என் தேர்வு. பேச்சில் ரிலே என்பதே இருக்கட்டும்.

1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் கம்பிகளைப் பிரித்துக் கட்டுவது பெரும்பாடு. டிக் மார்லி குழுவினரின் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. அப்படிப் பிறந்தது. எலெக்ட்ரீஷியன்கள் புதுமொழி கற்க வேண்டாம் என்று, ரிலே வரைபடமே நிரலாக்கப்பட்டது, அதுதான் ஏணி வடிவில் வரையும் லேடர் நிரல். உள்ளே இருப்பது நினைவகத்தில் 0 அல்லது 1 ஆக இருக்கும் ஒரு பிட்; பெயர் மட்டும் ரிலே. மிட்சுபிஷி பி.எல்.சி.யின் ‘எம்’ முகவரிகள் இப்படிப்பட்டவை.

இடறல் இங்கேதான். ஸ்டாப் பட்டனை என்.சி.யாக (அழுத்தாதபோது மூடியிருந்து மின்சாரத்தை விடுவதாக) வயர் செய்திருப்பார்கள், கம்பி அறுந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக. புதியவர் நிரலிலும் என்.சி. காண்டாக்டையே போடுவார். மோட்டார் கிளம்பாது. பட்டன் அழுத்தப்படாதபோது 24 வோல்ட் இன்புட்டுக்கு வந்து பிட் 1 ஆகிவிடுகிறது; நிரலின் என்.சி.யோ பிட் 0 ஆக இருந்தால்தான் வழிவிடும். அங்கே என்.ஓ. (பிட் 1 ஆக இருந்தால் வழிவிடும் காண்டாக்ட்) போட வேண்டும். நிரலின் காண்டாக்ட் பட்டனின் படம் அல்ல, பிட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்வி.

பி.எல்.சி.யின் அவுட்புட்டில் உள்ள நிஜ ரிலேவின் கோளாறு வேறு மாதிரி. அவுட்புட் விளக்கு அணைந்திருக்கும், மோட்டாரின் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்ச்) விடாது. நிரலை மணிக்கணக்கில் புரட்டுவதற்கு முன், லைனை அணைத்து அவுட்புட் வயரைக் கழற்றி, காமனுக்கும் (பொது முனைக்கும்) அவுட்புட்டுக்கும் நடுவே மீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று) பாருங்கள். பீப் வந்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாற்ற வேண்டியது ரிலேவை.