அழித்தாலும் அழியாத ஃபைல்

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். புரோகிராம் எழுதும் வேலையை ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கட்டளைக்கும் 'செய்யட்டுமா?' என்று அது அனுமதி கேட்டுக்கொண்டே இருந்ததில் சலித்துப்போய், இனி கேட்காமலே செய் என்று விட்டுவிட்டார். பாதுகாப்புக்காகக் கன்டெய்னருக்குள், அதாவது கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்துவைக்கும் ஓர் அடைப்புக்குள், வைத்துத்தான் ஓட்டியிருக்கிறார். காலையில் பார்த்தால் புராஜெக்ட் ஃபோல்டரில் பாதியைக் காணோம். "கன்டெய்னர் தனி உலகம் என்றுதானே சொன்னார்கள்? அப்புறம் எப்படி?" என்பது அவர் கேள்வி.

அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அவரே கதவைத் திறந்துவைத்துவிட்டார் என்பதுதான் பதில். ஆனால் அது புரிய வேண்டுமென்றால், மற்ற இடங்களில் சுவர் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதை விளக்க ஒரு வாய்ப்பு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஏஜென்ட் என்பது, கையில் டெர்மினல் (கணினிக்குக் கட்டளைகளை எழுதிக் கொடுக்கும் திரை) கிடைத்த ஓர் ஏஐ மொழி மாடல். கட்டளையை எழுதும், ஓட்டும், வந்த விடையைப் படிக்கும், அடுத்ததை முடிவு செய்யும். 'எதையும் அழிக்காதே' என்று சொல்லிவைத்தால் பெரும்பாலும் கேட்கும். ஆனால் எப்போதும் அல்ல. 2025 ஜூலையில், புரோகிராம் எழுத உதவும் ரெப்லிட் தளத்தின் ஏஜென்ட், எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று சொல்லியிருந்த நேரத்தில், பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸையே அழித்தது செய்திகளில் வந்தது. சொல்லிவைத்த ஒரு வாக்கியம் நம்மைக் காப்பாற்றும் என்று நினைப்பது, தாயத்தை நம்பி ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவதைப் போன்றது. வாக்கியத்தை மாடல் மீறலாம். கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, 'முடியாது' என்று சொன்னால் மாடல் என்ன நினைத்தாலும் முடியாது.

அந்த 'முடியாது' படிப்படியாக வளர்ந்தது. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த சிஎச்ரூட், ஒரு புரோகிராமுக்கு ஏதோ ஒரு ஃபோல்டரையே முழு உலகமாகக் காட்டியது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் அதை 'ஜெயில்' ஆக இறுக்கியது. லினக்ஸில் 2002 முதல், ஒரு புரோகிராமுக்குத் தனித் தோற்றத்தைக் காட்டும் நேம்ஸ்பேஸ்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெளியே ஆயிரக்கணக்கான புராசஸ்களில் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களில்) ஒன்றாக இருப்பது, உள்ளே தன்னை 1ஆம் எண் என்று நினைத்துக்கொள்ளும். எவ்வளவு மெமரி தின்னலாம் என்பதற்கு சிகுரூப் என்ற வசதி வரம்பு போடும். சரி, இதெல்லாம் பல இடங்களில் படிக்கக் கிடைப்பதுதான். நான் சொல்ல ஆசைப்படுவது, கன்டெய்னருக்கு ஃபைல்களை அடுக்கடுக்காகக் காட்டும் ஓவர்லே எஃப்எஸ் என்ற முறை பற்றி. 2014 இறுதியில், 3.18 பதிப்பில், லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தது.

பள்ளியில் வரைபடப் புத்தகத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து ஆறுகளை வரைந்திருப்போம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே படம். தாளை எடுத்துவிட்டால் புத்தகத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. ஓவர்லேயும் இப்படித்தான். கீழ் அடுக்கு படிக்க மட்டும். மேல் அடுக்கு வெறும் தாள். ஏஜென்ட்டுக்குத் தெரிவது இரண்டும் கலந்த தோற்றம் மட்டுமே. ஒரு ஃபைலைத் திறந்தால் கெர்னல் முதலில் மேல் அடுக்கில் தேடும். இல்லையென்றால் கீழே இருப்பதைக் காட்டும். எழுதப் போனால், கீழ் ஃபைலை அப்படியே மேலே பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் எழுதவிடும். ஒரு ஜிபி ஃபைலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பொதுவாக முழு ஒரு ஜிபியும் மேலே வரவேண்டும் என்பது இதன் செலவு.

அழித்தால் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு இதன் மேல் காதல். கீழ் அடுக்கைத் தொட முடியாது. மேல் அடுக்கிலோ அந்த ஃபைல் இல்லை. இல்லாத ஒன்றை எப்படி அழிப்பது? கெர்னல் அதே பெயரில் மேல் அடுக்கில் ஒன்றைப் புதிதாக உருவாக்குகிறது. அது சாதாரண ஃபைல் அல்ல, கேரக்டர் டிவைஸ் வகை. யூனிக்ஸில் டெர்மினல் போன்ற சாதனங்களும் ஃபைல்களாகத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. இதற்குத் தரப்படும் எண்கள் 0, 0. அப்படி எந்தச் சாதனமும் கிடையாது. அந்த அடையாளத்தைப் பார்த்ததும் கெர்னல், கீழே எட்டிப் பார்க்காமல், 'அந்தப் பெயரில் ஃபைல் இல்லை' என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிடும். இதற்கு வைட்அவுட் என்று பெயர். வரைபடத்தில் ஓர் ஊரை மறைக்க, தாளில் அந்த இடத்தில் வெள்ளை மை தடவுவது. அழிப்பது என்ற செயல், சேர்ப்பது என்ற செயலாக மாறிவிடுகிறது! ஆயிரம் ஃபைல்களை ஏஜென்ட் அழித்தால், அதன் கண்ணுக்கு எல்லாம் போய்விட்டது. நம் பக்கமோ ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள் கூடியிருக்கின்றன. ஒரே புராஜெக்ட்டின் மேல் ஐம்பது ஏஜென்ட்களை ஓட்டினாலும் கீழே ஒரு வரைபடம்தான், மேலே ஐம்பது தாள்கள்.

வாசகியின் ஃபோல்டருக்கு வருவோம். கன்டெய்னருக்குள்ளிருந்து புரோகிராமைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அந்த ஃபோல்டரை அவர் நேரடியாக உள்ளே இணைத்திருக்கிறார். பைண்ட் மவுன்ட் என்பார்கள். பெரும்பாலான பயிற்சிக் குறிப்புகள் அப்படித்தான் சொல்லித்தருகின்றன. அந்த இணைப்பு கண்ணாடித்தாளில் போட்ட ஓட்டை. அதன் வழியே எழுதியது புத்தகத்தின் மேலேயே எழுதியது. புராஜெக்ட்டையும் கீழ் அடுக்காக வைத்திருந்தாலோ, உள்ளே ஒரு பிரதி எடுத்துக்கொண்டிருந்தாலோ எதுவும் போயிருக்காது.

கன்டெய்னர் சுவருக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே கெர்னலைத்தான் நம்பியிருக்கின்றன. 2016இல் ஃபில் ஓஸ்டர் கண்டுபிடித்த டர்ட்டி கவ் என்ற பிழை, இதே 'எழுதும்போது பிரதி எடு' உத்தியை மெமரியில் செய்யும் இடத்தில் இருந்தது. ஒரு திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) எழுதிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, எடுத்த பிரதியைத் தூக்கிப் போடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சரியான நொடியில் இரண்டும் மோதினால், பிரதி இருப்பதாக நினைத்த கெர்னல் மூலத்திலேயே எழுதிவிடும். 2007 முதல் யாரும் கவனிக்காமல் அது கெர்னலில் இருந்தது. அதனால்தான் அறிமுகமில்லாத புரோகிராம்களை ஓட்டுபவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெர்னலே கொடுக்கிறார்கள். 2018இல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் அப்படிப்பட்ட குட்டி மெய்நிகர் கணினியை 125 மில்லிசெகண்டில் தொடங்கிவிடும். கூடுதலாக எடுத்துக்கொள்ளும் மெமரி 5 எம்பிக்கும் குறைவு.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இந்தியா ஏஐ மிஷனுக்கு 10,371.92 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஏஐ கணக்குகளைப் போடும் சிப்பான ஜிபியு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கெர்னலைப் படித்து இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய நூறு பேரை வளர்க்கவும் அதில் ஒரு பங்கு போகவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஃபைல்களைக் காப்பது பாதி வேலைதான். ஏஜென்ட் படிக்கும் ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பிலோ வலைப்பக்கத்திலோ யாராவது ஒரு கட்டளையை ஒளித்துவைத்தால், பாஸ்வேர்ட் போன்ற உங்கள் ரகசியச் சாவிகளை ஏஜென்ட் வெளியே அனுப்பிவிடலாம். எந்தத் தாளும் இதைத் தடுக்காது. நெட்வொர்க்கை மூடிவிட்டு, தேவையான சில தளங்களுக்கு மட்டும் ஒரு பிராக்ஸி (நடுவில் நிற்கும் இடைத்தரகு புரோகிராம்) வழியாக விடுங்கள். சாவி அந்தப் பிராக்ஸியிடமே இருக்கட்டும். ஏஜென்ட் கண்ணில் படவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் மேல் அடுக்கைத் திறந்து பாருங்கள். மாறியது, சேர்ந்தது, அழிந்தது எல்லாம் அங்கே இருக்கும். அதை உங்கள் புராஜெக்ட்டோடு சேர்க்கும் முன், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் ஃபோல்டருக்குள் ஹூக்ஸ் என்ற இடத்தில் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கே இருக்கும் ஸ்கிரிப்டை, அடுத்த முறை நீங்கள் கமிட் செய்யும்போது (மாற்றங்களைப் பதியும்போது) கிட் தானாகவே ஓட்டும். அப்போது அது ஓடுவது கன்டெய்னருக்குள் அல்ல, உங்கள் கணினியில்.